சந்தியாவின் கல்லுக்கு வெயில் வராத நாள்

"தை, புதன். காலை முழுக்கப் பனி. அலுவலர் வந்தார். அரும்புகள் எல்லோரும் வாசித்தார்கள். சந்தியா தூக்கம். பிறகு எழுந்தாள்."

நான் பணி ஓய்வு பெறுவதற்கு முந்தைய தை மாதத்தில் என் டைரியில் எழுதிய குறிப்பு இது. அன்று வியாழக்கிழமை என்று எங்கள் தலைமை ஆசிரியர் இன்றுவரை சாதிக்கிறார். அன்று மாலை மலை இறங்கிச் சேந்தமங்கலத்தில் நான் மூக்குக் கண்ணாடி வாங்கினேன். அந்த ரசீதில் புதன்கிழமைத் தேதிதான் இருக்கிறது. காட்டினேன். "கடைக்காரன் தூக்கத்துல போட்டிருப்பான்ம்மா" என்றார். போகட்டும், கிழமை புதன்தான்.

இந்த ஆண்டு கொல்லிமலைப் பள்ளிகளுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் என்னிடம் போனில் கேட்ட கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான்: மெல்லக் கற்கும் பிள்ளைகளை எப்படி உட்கார வைப்பது? பாடம் நடத்தும் முறைகளைப் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல நினைப்பது அந்தப் புதன்கிழமையைப் பற்றி. கூழாங்கல்லில் தொடங்கினால்தான் அது விளங்கும்.

எங்கள் பள்ளி அரியூர் நாடு என்கிற மலைப்பகுதியில் ஒரு சரிவில் இருந்தது. இரண்டு அறை, இரண்டு ஆசிரியர். தலைமை ஆசிரியர் சின்ன வகுப்புகளைப் பார்த்துக்கொள்வார். நான்கும் ஐந்தும் எனக்கு. வாசிப்புத் திறனை வைத்துப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுவாகப் பிரிப்பது உங்களுக்குத் தெரியும். எழுத்துக் கூட்டவே தடுமாறுகிறவர்கள் அரும்பு. என் அறையில் அரும்புகள்தான் அதிகம்.

அந்தப் பிள்ளைகளுக்குப் புத்தி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பலாக்காயைத் தட்டிப் பார்த்து எது என்றைக்குப் பழுக்கும் என்று சொல்கிறவர்கள். ஆனால் புத்தகத்தைத் திறந்தால், இரண்டு வரி முடிவதற்குள் "போதுங்களா டீச்சர்?" என்பார்கள். எவ்வளவு போதும் என்று தீர்மானிப்பது என் வேலை. அதுவரை தாக்குப்பிடிப்பது மட்டும் அவர்கள் வேலை. இந்த ஏற்பாட்டில் எனக்குத் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

ஒரு நாள் வெறுத்துப்போய், "எவ்வளவு நேரம்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். யாருக்கும் கடிகாரம் பார்க்கத் தெரியாது. கோகுல் என்கிற பையன், வகுப்பில் வாய் ஓயாதவன், தரையில் கிடந்த வெயிலைக் காட்டினான். எங்கள் அறையின் ஜன்னல் கிழக்குப் பார்த்தது. மேட்டைத் தாண்டி வரும் வெயில் காலையில் அறையின் நடுவே விழும். நேரம் ஏற ஏற அது ஜன்னலை நோக்கிப் பின்வாங்கும்.

"வெயிலு இங்க வர்ற வரைக்கும் படிக்கறேனுங்க டீச்சர்" என்று ஒரு கல்லைத் தரையில் வைத்தான். எங்கே வைத்தான்? வெயிலின் ஓரத்திலேயே. வைத்த கையோடு, "வந்துருச்சுங்க!" என்று எழுந்து வெளியே ஓடினான்.

வகுப்பே சிரித்தது. "ஏண்டா, நீ கல்ல வெச்சியா, கல்லு உன்னய வெச்சுதா?" என்று ஒரு பெண் கேட்டாள். மறுநாள் கோகுல் யாரும் சொல்லாமலே கல்லை ஒரு சாண் தள்ளி வைத்தான்.

அப்படித்தான் வழக்கம் ஆரம்பித்தது. ஆளுக்கொரு கல், ஓடையிலிருந்து பொறுக்கியது. தன் கல்லைத் தானே வைக்க வேண்டும். வெயில் அதைத் தொடும்வரை தான் ஒப்புக்கொண்ட வேலையைச் செய்ய வேண்டும். அடுத்தவர் கல்லை யாரும் தொடக் கூடாது, டீச்சரும்தான். கடைசி விதியைப் போட்டது அவர்கள். எனக்குக் கொஞ்சம் ரோஷமாகக்கூட இருந்தது. முதல் வாரம் வீராப்பில் ஜன்னலடியில் கல்லை வைத்துவிட்டுப் பாதியில் நெளிந்தவர்கள் அதிகம். பிறகு தங்களால் முடிகிற இடம் எது என்று கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு கற்கள் மெல்ல மெல்ல ஜன்னலை நோக்கி நகர்ந்தன.

ஒரே ஒரு கல் மட்டும் எதிர்த்திசையில் நகர்ந்தது. அது சந்தியாவின் வெங்கச்சாங்கல், வெள்ளையாகப் பளபளக்கும் கல்.

சந்தியா ஐந்தாம் வகுப்பு. அமைதியானவள் என்று தலைமை ஆசிரியர் சொல்வார். உண்மையில் பாதி நேரம் தூக்கம். மரவள்ளிக் கிழங்கு பருக்கும் மாதங்களில் காட்டுப்பன்றி இறங்கும். குடும்பத்தோடு காட்டுக் கொட்டாயில் போய்த் தங்கி, இரவெல்லாம் முறை வைத்து டின் தட்டுவார்கள். இங்கே காடு என்றால் விளைநிலம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவளைப் பக்கத்து வீட்டில் படுக்க வைக்கும்படி நான் அவள் அப்பா பொன்னுசாமியிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் சரி என்றார். அவள்தான் மாட்டேன் என்றாள்.

"எங்கம்மா ஒத்தையில டின்னு தட்டுச்சுன்னா பன்னி சிரிக்குமுங்க டீச்சர்."

அரையாண்டுத் தேர்வு நாளில் நாங்கள் அவளைத் தூக்கக் கலக்கத்திலேயே எழுப்பி வாசிக்கச் சொன்னோம். தன் பெயரையே கூட்ட முடியாமல் நின்றாள். அதற்குப் பிறகு பல நாள் என் முகத்தையே அவள் பார்க்கவில்லை. பொன்னுசாமி பள்ளிக்கு வந்து வாசலில் நின்றார்.

"தூங்கறதுக்கு எதுக்குங்க டீச்சர் பள்ளிக்கூடம்? அதுக்கு எங்க கொட்டாயே போதுமுங்களே."

"ஆறாவதுக்கு விடுதிப் பள்ளிக்கு அனுப்பலாம்னு சொல்லிட்டிருந்தீங்களே?"

"சொன்னேனுங்க. அங்க போயி மத்த புள்ளைங்க முன்னால தலையத் தொங்கப் போட்டு நிக்கறதுக்கா? படிப்பப் பாக்க ஆபீசரு வருவாருன்னு சொல்றீங்க இல்ல, அவரு முன்னால ஒரு பக்கம் படிச்சுட்டான்னா அனுப்பறேன். இல்லீன்னா காட்டுலயே இருக்கட்டும். இங்கயாவது பன்னி அவளுக்குப் பயப்படுது."

அவர் கெட்டவர் இல்லை. மகள் அவமானப்படுவதைப் பார்க்கச் சகிக்காத மனிதர். அவர் சொன்னது சந்தியாவின் காதிலும் விழுந்தது. விடுதிப் பள்ளிக்குப் போக அவளுக்கு எவ்வளவு ஆசை என்று அதுவரை எனக்கே தெரியாது. மறுநாள் காலை கல்லோடு வந்து என் முன்னால் நின்றாள்.

"டீச்சர், நான் தூங்கறதுக்குக் கல்லு வெக்கலாமுங்களா?"

"தூங்கறதுக்கா?"

"கொஞ்சம் தூங்கிட்டு எந்திரிச்சா எழுத்து நிக்குதுங்க. இல்லீன்னா ஓடுது. கல்லுக்குப் பக்கத்துலயே தலைய வெச்சுப் படுத்துக்கறேன். வெயிலு மூஞ்சில அடிச்சா நானே எந்திரிச்சுக்குவேன். யாரும் எழுப்ப வேண்டாமுங்க."

பள்ளி நேரத்தில் ஒரு பிள்ளையைத் தூங்க விடலாமா? எந்தச் சுற்றறிக்கையிலும் இதற்குப் பதில் கிடையாது. தலைமை ஆசிரியர் கேட்டதும், "இது பள்ளிக்கூடமாம்மா, சத்திரமா?" என்றார். நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் யோசித்தேன். இவ்வளவு காலமாக அந்தப் பெண் தன்னை அறியாமல் தூங்கி விழுந்துகொண்டிருந்தாள். இன்று முதல் முறையாக, எவ்வளவு தூங்குவேன், எப்படி எழுவேன் என்று திட்டம் போட்டு வந்திருக்கிறாள். தூக்கத்தை அடக்குவதில் இதுதானே முதல் படி? சரி கண்ணு என்றேன்.

முதல் நாள் ஜன்னலடியில் கல்லை வைத்தாள், அதாவது நெடுந்தூக்கம். எழுந்து முகம் கழுவி வந்து, மீதி நேரம் முழுக்க என்னை விடாமல் வாசித்தாள். சில நாளில் கல்லை நடு அறைப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள். பிறகு இன்னும் கொஞ்சம். மற்றவர்கள் வேலையை நீட்டிக்கொண்டு போனார்கள், இவள் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வந்தாள். எதிரெதிராக நகர்ந்த கற்களைப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை.

இனி அந்தப் புதன்கிழமை.

தையில் எங்கள் பக்கம் பனி புதிதல்ல. பிரார்த்தனைக் கூட்டம் முடிவதற்குள் விலகிவிடும். அன்றும் விலகிவிடும் என்று நம்பிச் சந்தியா கல்லை வைத்தாள், சாக்கில் படுத்தாள், தூங்கினாள். பனி விலகவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டது போல் நின்றது. வெயிலையே நம்பி ஒரு வகுப்பு நடந்தால் வெயில் வராத நாளில் என்ன செய்வது என்று எங்களில் யாருமே அதுவரை யோசித்திருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஜீப் சத்தம் கேட்டது. வாசிப்புத் திறனைத் தானே கேட்டுப் பார்க்கக் கல்வி அலுவலர் வந்திருந்தார். சமவெளிக்காரர், கழுத்தில் மப்ளர், கையில் கோப்பு. பின்னாலேயே, ஜீப்பைப் பார்த்துவிட்டு வந்த பொன்னுசாமி. தலைமை ஆசிரியர் ஓடி வந்து என் காதில், "எழுப்பும்மா, எழுப்பு!" என்றார்.

அலுவலர் சாக்கைப் பார்த்தார். "ஏம்மா, அந்தப் புள்ளைக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார். தூங்குது."

"தெரியுது. ஏன் தூங்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் கோகுல் எழுந்துவிட்டான். "அவ கல்லுக்கு இன்னும் வெயிலு வரலீங்க அய்யா."

அலுவலர் என்னைப் பார்த்தார். நான் கல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்தார், பனியைப் பார்த்தார். "சரி, வெயில் வரலைன்னா?"

"அத நாங்க யோசிக்கல சார்" என்றேன்.

பொன்னுசாமி பொறுமை இழந்து, "ஏ புள்ள!" என்று சாக்கை நோக்கி நடந்தார். கோகுல் குறுக்கே போய் நின்றான்.

"எழுப்பக் கூடாதுங்க மாமா. அவ கல்லு அது."

"எம் புள்ளடா அது!"

"புள்ள உங்களுதுங்க. கல்லு அவளுது."

அலுவலர் சிரிப்பை அடக்க மப்ளரைச் சரி செய்துகொண்டார். கோகுல் அதில் தைரியம் வந்து, "அய்யா, உங்க செல்லுல லைட்டு இருக்குதுங்களா? கல்லு மேல கொஞ்சம் அடிச்சீங்கன்னா…" என்றான்.

அலுவலர் உண்மையிலேயே செல்லை வெளியே எடுத்துவிட்டார். உடனே வகுப்பே எழுந்தது.

"அது வெயிலில்லீங்க!"

"ஏமாத்து வேலைங்க அய்யா!"

"இவன் மொத நாளே ஏமாத்துனவனுங்க!"

அவர் செல்லைச் சட்டைப் பையில் திருப்பி வைத்துக்கொண்டார். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டார். அதிகாரக் குரலாக இல்லை, விசாரிக்கிற குரல்தான். ஆனால் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

இந்த இடத்தில் என் மனதில் ஓடியதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எழுப்பினால் அரையாண்டில் நடந்ததுதான் நடக்கும்; அப்பா பார்த்துக்கொண்டிருக்க, அலுவலர் முன்னால் எழுத்து ஓடும். எழுப்பாவிட்டால் அவள் வாசிப்பதைக் கேட்காமலே அலுவலர் மலை இறங்கிவிடலாம். அப்படியானாலும் விடுதிப் பள்ளி போய்விடும். இரண்டிலும் ஆபத்து இருந்தது. ஒன்றில் மட்டும் அவள் போட்ட ஒப்பந்தத்தை நான் உடைக்க வேண்டியிருந்தது.

"மத்தவங்கள முதல்ல கேளுங்க சார். அவள கடைசியா வச்சுக்கலாம்."

"பனி கெட்டிப்பட்டா நான் வளைவுல இறங்க முடியாதும்மா."

"தெரியும் சார்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். அன்று அவர்கள் வாசித்த விதத்தை நான் மறக்க மாட்டேன். சந்தியா எழுந்துவிடக் கூடாதே என்று எல்லோரும் ரகசியக் குரலில் வாசித்தார்கள். அலுவலரும் தன்னை அறியாமல் ரகசியக் குரலுக்கு மாறிவிட்டார். தலைமை ஆசிரியர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக் கையைப் பிசைந்தார். பொன்னுசாமி சுவரோரம் குந்தியிருந்தார், மகளையே பார்த்துக்கொண்டு.

கடைசியாகக் கோகுல் வாசித்தான். வேண்டுமென்றே இழுத்து இழுத்து வாசித்தான். முடித்ததும், "இன்னொரு பக்கம் படிக்கட்டுங்களா?" என்றான்.

"போதும்டா தம்பி" என்று அலுவலர் கோப்பை மூடினார். ஜன்னலைப் பார்த்தார். பனி அப்படியேதான் இருந்தது. பொன்னுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அப்போது சந்தியா எழுந்து உட்கார்ந்தாள்.

யாரும் தொடவில்லை. வெயில் இல்லை. ஜன்னலை ஒரு முறை பார்த்தாள். கல்லைக் கையில் எடுத்தாள். "இன்னைக்கு வெயிலு வராதுங்க டீச்சர். அதனால நானே எந்திரிச்சுட்டேன்" என்றாள். அலுவலர் பக்கம் திரும்பி, "மூஞ்சி கழுவிட்டு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுத் தொட்டிப் பக்கம் போனாள். ஆபீசரைக் காக்க வைத்துவிட்டு நிதானமாக முகம் கழுவிய பிள்ளையை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

வந்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். கல்லை மேசையில் வைத்தாள். அலுவலர் தான் கொண்டு வந்திருந்த தாளை நீட்டினார். எங்களில் யாரும் முன்பே பார்க்காத பத்தி, ஓர் ஆமையைப் பற்றியது.

முதல் வரி மெதுவாக வந்தது. இரண்டாவது வரியில் ஒரு நீளமான சொல்லில் நின்றாள். அலுவலர் இரக்கப்பட்டு அந்தச் சொல்லின் முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தார்.

"இருங்க" என்றாள் சந்தியா. தலையைத் தூக்கவில்லை. "நானே படிச்சுக்கறேனுங்க."

தலைமை ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் அந்தச் சொல்லைப் பின்னால் போய் மறுபடி பிடித்தாள், பிரித்தாள், சேர்த்தாள். வந்துவிட்டது. அடுத்த வரிக்குப் போனாள். இடையில் இன்னும் சில இடங்களில் நின்றாள். ஆனால் ஓடவில்லை, அழவில்லை, "போதுங்களா" என்று கேட்கவில்லை. ஆமை குளத்துக்குப் போய்ச் சேரும்வரை வாசித்துவிட்டுத்தான் தாளைக் கீழே வைத்தாள்.

அலுவலர் கோப்பைத் திறந்து ஏதோ குறித்தார். பொன்னுசாமி கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னங்க போட்டீங்க?"

"மொட்டு."

"மொட்டுன்னா பாசுங்களா, பெயிலுங்களா?"

"ரெண்டும் இல்லீங்க. பாதி வழி வந்துட்டான்னு அர்த்தம்."

பொன்னுசாமி கணக்குப் போட்டார். "பாதி வழின்னா… நம்ம ரோட்டுல எழுவது வளைவு. முப்பத்தஞ்சாவது வளைவுங்களா?"

"அப்படி வச்சுக்குங்களேன்."

"அங்க பஸ்ச விட்டு எறங்கி என்னங்க பண்ண முடியும்? மேல ஏறித்தான் ஆகோணும்." மகள் பக்கம் திரும்பினார். "என்ன சாமி, போறயா விடுதிக்கு?"

"போறேன்" என்றாள் சந்தியா. "கெழங்கு வெட்டுனதுக்கு அப்பறம்."

அலுவலர் இப்போது மப்ளரைச் சரி செய்துகொள்ளவில்லை. வாய்விட்டே சிரித்தார். ஜீப்பில் ஏறும்போது என்னிடம், "பனி நாளைக்கும் ஒரு விதி போட்டு வைங்கம்மா" என்றார். பிள்ளைகள் அன்று மத்தியானமே போட்டுவிட்டார்கள்: வெயில் இல்லாத நாளில் அவரவர் கல் அவரவர் கையில், முடிந்தது என்று தனக்குத் தோன்றும்போது மேசையில் கொண்டு வந்து வைக்கலாம். சில வாரங்களில் வெயில் அடிக்கிற நாளிலும் அதையே செய்ய ஆரம்பித்தார்கள். தரையில் கல் வைக்கும் வழக்கம் தானாக நின்றுபோனது. நான் அதற்காக வருத்தப்படவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பிள்ளையை அடக்கி உட்கார வைப்பது பெரிய காரியமில்லை. குரல் இருந்தால் போதும். தானே ஒரு வார்த்தை கொடுத்து அதைத் தானே காப்பாற்றும் சந்தர்ப்பம் அந்தப் பிள்ளைக்கு வாழ்க்கையில் எத்தனை முறை கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். அரும்புகளுக்கு அது கிடைப்பதே இல்லை. கிடைக்கும்போது, ஜீப் வந்து நின்றாலும் சரி, நாம் கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் தீரவில்லை. அலுவலர் உள்ளே வந்தபோது சந்தியா உண்மையிலேயே தூங்கினாளா? அவள் குறட்டை விட்டது தன் காதில் கேட்டது என்று கோகுல் சத்தியம் செய்கிறான். செல் விளக்கைப் பற்றிச் சண்டை நடந்தபோது அவள் கண் திறந்திருந்ததைத் தான் பார்த்ததாகத் தலைமை ஆசிரியர் சொல்கிறார். ஆனால் அவர் புதனை வியாழன் என்கிறவர். அப்படி அவள் விழித்திருந்திருந்தால், ஆபீசரும் அப்பாவும் தலைமாட்டில் நிற்க, வெயில் வராத கல்லுக்குப் பக்கத்தில், கொடுத்த வார்த்தைக்காக அசையாமல் படுத்திருந்தாள் என்று ஆகிறது. என் டைரியில் "பிறகு எழுந்தாள்" என்றுதான் இருக்கிறது. எப்போது விழித்தாள் என்று நான் எழுதவில்லை.

சென்ற மாதம் சேந்தமங்கலம் பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். இப்போது ஏழாம் வகுப்பு. விடுமுறைக்கு ஊர் திரும்பிக்கொண்டிருந்தாள். நேராகவே கேட்டேன். "நீங்க என்ன நெனக்கறீங்க டீச்சர்?" என்று சிரித்தாள். நான் பதில் சொல்வதற்குள் மலைக்குப் போகும் வளப்பூர் பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டாள்.

ஆகவே குறிப்பில் இப்படிச் சேர்த்திருக்கிறேன்: தூங்கினாளா, விழித்திருந்தாளா என்பது உறுதி செய்யப்படவில்லை.